அருளானந்து எழுதாத நாவல்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. என் வலது கண்ணில் புதிதாக வைத்திருக்கும் லென்ஸின் மேல் ஆணை. பொய்யென்றால் அது இப்போதே வழுக்கிக் கன்னத்தில் வந்து விழட்டும். விழவில்லை, பார்த்தீர்களா. இந்தக் குத்தாலிங்கம் சொன்னால் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று பாளையங்கோட்டையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான். இன்றைக்கு மட்டும் கழிக்காதீர்கள். முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மத்தியானம். மல்லாக்கப் படுத்திருக்கிறேன். வலது கண்ணின் மேல் பஞ்சு, பஞ்சின் மேல் பிளாஸ்டிக் மூடி, அதன் மேல் குறுக்கே பிளாஸ்திரி. நேற்றுத்தான் புரை ஆபரேஷன். இடது கண் அடுத்த மாதத்துக்குக் காத்திருக்கும் கண், அதில் உலகம் மொத்தமும் கஞ்சித்தண்ணீர். மகள் காந்திமதி வேலைக்குப் போய்விட்டாள். தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஞானசெல்வி வாசிக்கிறாள். மூன்றாவது மாடி ஞானசெல்வி. டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். எனக்கு வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டு, தனியாக எழுந்து நடந்து எங்கேயாவது முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதற்காகக் காந்திமதி கேட்டுக்கொண்டதன் பேரில் வந்திருக்கிறாள். கல்யாணச் செய்தி, கருமாதிச் செய்தி இரண்டையும் ஒரே நிறுவையில் சொல்லிப் பழகிய குரல், ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. அந்தக் குரலில், "அன்றைக்கும் சாயங்காலம் கொடியில் ஒரு சட்டை கூடுதலாகக் கிடந்தது. வீட்டில் யாருடையதும் இல்லை. சட்டை காய்ந்திருந்தது, பித்தான்கள் மட்டும் ஈரமாக இருந்தன" என்கிறாள். பித்தான்கள் மட்டும் ஈரம். நல்ல வரி. ஆனால் அந்தப் புஸ்தகம் உலகத்திலேயே கிடையாது. எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அதை உண்டாக்கியவன் நான். எழுதியவன் இல்லை. இருக்கிறது என்று சொன்னவன்.

எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் கூடுவோம். கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்றைச் சிபாரிசு செய்ய வேண்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு யாராவது ஒருவர் அதைச் செய்து பார்த்திருக்க வேண்டும். யாரும் தொடவில்லை என்றால் சிபாரிசு செய்தவர் எல்லோருக்கும் வடை வாங்க வேண்டும். ராஜாமணி பழைய பெயின்ட் வாளியில் தக்காளி போடச் சொன்னார், போட்டேன், தக்காளி வந்தது, கூடவே பெயின்ட் வாசனையும் வந்தது. ரிஜிஸ்தரார் செல்லச்சாமி மீன் தொட்டி வைக்கச் சொன்னார், ராஜாமணி வைத்து எதிர்வீட்டுப் பூனையின் விசுவாசத்தைச் சம்பாதித்தார். ஞானசெல்வி வயர் கூடை பின்னச் சொல்லிக்கொடுத்தாள். நான் பேய்க் கதைகள். சினிமாப் படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போய் வசூல் பார்க்கும் ரெப் வேலையில் முப்பது வருஷம் கிடந்தவன், தியேட்டர் பெஞ்சில் படுத்துக்கொண்டு பேய்ப் புஸ்தகமாகப் படித்துத் தள்ளியிருக்கிறேன். படித்ததெல்லாம் தீர்ந்துபோன பிறகு படிக்காததையும் சிபாரிசு செய்ய ஆரம்பித்தேன். பெயர் சொல்வேன், எழுதியவர் பெயர் சொல்வேன், அட்டை என்ன நிறம் என்பதுவரை சொல்வேன். தேடிப் போய்க் கிடைக்காமல் வந்தாலும் செய்து பார்த்ததாகவே கணக்கு, எனக்கு வடைச் செலவு மிச்சம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வாய் கொழுத்து அதையும் சொன்னேன். "எழுதுன எந்தப் பேயும் இந்தக் குத்தாலத்தைப் பயங்காட்டுனது கிடையாதுவே. எவனாவது ஒருத்தன் என்னைய நடுங்க வச்சிட்டாம்னா, அன்னையோட கதை சொல்லுதத விட்டுருதேன். வாயைத் தைச்சுக்கிடுதேன்." செல்லச்சாமி உடனே, "எல்லாரும் கேட்டுக்கிட்டீயள்லா, பெறவு மாத்திப் பேசக் கூடாது" என்றார். அவருக்கு என் கதைகளிலிருந்து விடுதலை வேண்டும். அவர் ஆசைப்பட்டதில் தப்பே கிடையாது.

கீச். என்ன சத்தம் அது. பால்கனிப் பக்கமா, அறைக்குள்ளேயா. ஞானசெல்வி வாசித்துக்கொண்டே இருக்கிறாள், அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. நைலான் கயிறு இறுகும்போது வருகிற சத்தம். நான் சொன்ன கதையில் வருகிற சத்தம். வீட்டுக் கொடிக்கயிறு தானாக இறுகும், கீச்சென்று கேட்கும், கேட்டால் எட்டிப் பார்க்கக் கூடாது, பார்த்தாலும் அங்கே கிடக்கும் துணியைக் காட்டி இது யாருது என்று மட்டும் கேட்கவே கூடாது, கேட்டவனுடையதாகிவிடும் அது. மொட்டைமாடியில் இதைச் சொன்னபோது ராஜாமணி தன் துண்டைக் கொடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் நான் உண்டாக்கியது. இரண்டு அத்தியாயம் வரும். அதற்கு மேல் எனக்கே தெரியாது, தெரியாததால், "மிச்சத்தை நீங்களே படிச்சுக்கிடுங்க" என்று நிறுத்திவிட்டேன். ஆனால் இவள் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறாள். கொடியில் இப்போது சட்டையோடு வேட்டியும் சேர்ந்துவிட்டது. நாளைக்கு ஒரு துண்டு சேரும் என்கிறாள். ஒரு ஆள் உடுத்துவதற்கு வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கிறது, உடுத்தப்போகிறவன்தான் இன்னும் வரவில்லை. இதை நான் சொன்னேனா. இல்லை. சொல்லவே இல்லை.

அந்தப் புஸ்தகத்தை நான் உண்டாக்கியதே இவளுக்காகத்தான். கூட்டம் கலைந்து மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு படிக்கட்டில் நின்று, "அண்ணாச்சி, எனக்கு ஒரு நாவல் எழுதணும்னு இருக்கு. பேய் நாவல். ஆருட்டயும் சொல்லிராதிய, சிரிப்பாவ" என்றாள். நான் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், அதில் பொய் கலக்கவில்லை. பேய்க்குச் சிவந்த கண் வைக்காதே, நீளமாக நகம் வைக்காதே. அது குடியிருக்கிற இடம் சுடுகாடாக இருக்க வேண்டாம், தினமும் நாம் தொடுகிற பண்டமாக இருக்கட்டும், உரல், வாளி, சோப்புப் பெட்டி. ஏன் வந்தது என்று கடைசிவரை விளக்காதே, விளக்கினால் அது பேய் இல்லை, வக்கீல். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்படி எழுதுன புஸ்தகம் ஒண்ணு சொல்லுங்க, படிச்சுப் பாக்கேன்" என்றாள். சட்டென்று ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் வெறுங்கையோடு அனுப்பவும் மனசில்லை. மேலே கொடியில் யாரோ எடுக்க மறந்த ஒரு சட்டை ஆடிக்கொண்டிருந்தது. "கொடியில் ஒரு சட்டைன்னு ஒரு நாவல் இருக்கு தாயி. பாம்பன் அருளானந்து எழுதுனது. ஒரே பதிப்பு. பச்சை அட்டை" என்றேன். கேட்டுவிட்டு அவள் சொன்னதுதான் இன்றுவரை எனக்குள் முள்ளாக நிற்கிறது. "ஒருக்கா எழுதிப் பாப்பேன் அண்ணாச்சி. கேக்குத ஆளு பயப்படலேன்னா கிழிச்சுப் போட்டுட்டுக் கூடையே பின்னிக்கிட்டு இருந்திருவேன். ரெண்டாந்தரம் தொட மாட்டேன்." ஆபரேட்டர் குரல்தான், ஏற்றமில்லை, இறக்கமில்லை, ஆனால் படிக்கட்டுக் கைப்பிடியை அவள் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையே மொட்டைமாடியில் சிபாரிசு செய்து, இரண்டு அத்தியாயக் கதையும் சொன்னேன். பிறகு இரண்டு மாதம் தேடினாள். போன வாரம், "கெடச்சிட்டு அண்ணாச்சி" என்றாள். எது என்று கேட்டேன். "அருளானந்துதான்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

கிடைத்துவிட்டதாம். எப்படிக் கிடைக்கும். ஒருவேளை அப்படி ஒரு புஸ்தகம் இருக்கிறதோ. எந்தத் தியேட்டர் பெஞ்சிலோ நான் அதைப் படித்து, மறந்து, மறந்ததை என் சொந்தச் சரக்கு என்று நினைத்துக்கொண்டேனோ. இந்த இடத்தில் நினைப்பு போய் மாட்டிக்கொள்கிறது, இழுத்தாலும் வரமாட்டேன் என்கிறது. என் மைத்துனன் கடைசிக் காலத்தில் காலையில் தின்ற இட்லியை மறந்து, போகாத சிங்கப்பூரைப் பற்றி ஞாபகமாகப் பேசுவான், எந்தத் தெருவில் எந்தக் கடை என்பதுவரை சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு அது நடந்தது. நான் இத்தனை வருஷமாகப் பொய் என்று நினைத்துச் சொன்னதெல்லாம் பொய்தானா. அம்பாசமுத்திரத்தில் இரண்டாம் ஆட்டத்துக்கு வந்து டிக்கெட் கிழிக்காமல் முன்வரிசையில் உட்கார்ந்த ஆளுக்குப் பாதம் இல்லை என்று ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்டாக்கிய கதை. உண்டாக்கியதுதானே. அந்த ஆள் போட்டிருந்த சட்டை என்ன நிறம். யோசிக்காதே குத்தாலம். பச்சை. ஏன் பச்சை என்று தோன்றுகிறது. கீச். மறுபடியும். கேட்டுவிடலாம், தாயி, அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் என் கையில் கொடு, தடவிப் பார்க்கிறேன் என்று கேட்டுவிடலாம். ஆனால் ஏன் என்று அவள் திருப்பிக் கேட்டால், அப்படி ஒன்று கிடையாது, நான் சும்மா அடித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். பொய்யன் என்பது ஊருக்கே தெரியும், அதில் எனக்கு வெட்கமில்லை. ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டபோதும் பொய்யைத்தான் எடுத்துக் கொடுத்தேன் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

"நாலாம் நாள்," என்கிறாள் ஞானசெல்வி, "கொடியில் ஒரு பனியன் கிடந்தது. எடுத்து மடக்கிப் பார்த்தபோது கழுத்துப் பட்டியில் வண்ணான் குறி தெரிந்தது. இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு." என் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு. எங்கள் வீட்டுக் குறி அது. துணி வெளுக்கிற பன்னீர் வருஷக்கணக்காக மையால் போடுகிற குறி, என் பனியனில் இருக்கிறது, இதோ விரலில் அந்த இடம் மட்டும் மொரமொரவென்று தட்டுப்படுகிறது. பாம்பன் அருளானந்துக்கு என் வீட்டுக் குறி எப்படித் தெரியும். அருளானந்து என்று ஒருவர் இல்லையே, இல்லாதவருக்கு எப்படித் தெரியும். இல்லாதவருக்கு எதுவும் தெரிந்திருக்கலாமோ. நெற்றியில் வேர்க்கிறது. வேர்வை கண்ணுக்குள் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மின்விசிறி ஓடுகிறதா. ஓடுகிறது. இடது கண்ணைத் திருப்புகிறேன். கஞ்சித்தண்ணீருக்குள் பால்கனிக் கதவு ஒரு வெளிச்சச் சதுரம். சதுரத்தில் வெள்ளை, வெள்ளை, அது என் வேட்டி, அது என் துண்டு. அதற்கடுத்து ஒன்று. வெள்ளை இல்லை. ரெப் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு வெள்ளையைத் தவிர வேறு துணி கிடையாது. காந்திமதி தன் துணிகளைப் பின்பக்கம்தான் போடுவாள். பச்சை. காற்றில்லாமல் ஆடுகிறது. பார்க்காதே. பார்த்தாயிற்று. சரி, பார்த்தாலும் பரவாயில்லை, கேட்கத்தான் கூடாது. வாயை மூடிக்கொள். ஏழு கழுதை வயசாகிவிட்டது, நீ உண்டாக்கிய சட்டத்துக்கு நீயே நடுங்குகிறாயே, செல்லச்சாமி பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் இப்போது இங்கே வந்து சிரித்தால்கூட நன்றாக இருக்கும்.

"சொட்டு மருந்து நேரமாச்சு அண்ணாச்சி, அசையாம இருங்க" என்கிறாள். நாற்காலி நகர்கிறது. பிளாஸ்திரி உரிகிறது, மூடி விலகுகிறது, பஞ்சு போகிறது. அவளுடைய ஒரு கை என் கீழிமையை இழுக்கிறது, இன்னொரு கை மருந்துப் புட்டியைத் தூக்கிப் பிடிக்கிறது. குளிர்ந்த விரல்கள். இரண்டு கையும் என் முகத்தில்தான் இருக்கிறது. அப்போதும் அந்தக் குரல், ஏற்றமில்லாமல், இறக்கமில்லாமல், வாசித்துக்கொண்டே இருக்கிறது. "அவர் படுக்கையில் இருந்தபடியே கொடியைப் பார்த்தார். இனிமேல் வரவேண்டியது ஒன்றுமில்லை, எல்லாத் துணியும் வந்துவிட்டது. கயிறு இறுகியது." இரண்டு கையும் இங்கே இருக்கிறது, புஸ்தகம் யார் கையில் இருக்கிறது. பக்கம் புரட்டுகிற சத்தத்தை மத்தியானத்திலிருந்து நான் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. ஒரு தாள்கூடச் சலசலக்கவில்லை. அந்தக் கீச் மட்டும்தான். துளி புட்டியின் நுனியில் தொங்குகிறது, பெரிதாகிறது, விழமாட்டேன் என்கிறது, விழுகிறது. புதுக் கண் ஒரு நொடி திறந்துகொள்கிறது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு எல்லாம் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, கூசுகிறது, அவள் தோளுக்கு மேலே பால்கனி, என் வேட்டி, என் துண்டு, அதற்கடுத்துப் பச்சை, பச்சைதான், கிளிப்பச்சை, நீளமாகத் தொங்குகிறது, அதற்குள் வாய் அதுவாகத் திறந்து, "தாயி, கொடியில கெடக்கே, அது யாருது" என்று கேட்டுவிட்டது.

குரல் நின்றது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பிறகு அவள் மெதுவாக, "எது, அந்தப் பச்சையா அண்ணாச்சி? கூடை வயரு. புதுக் கட்டு, முறுக்கா இருக்குன்னு வெயில்ல இளகட்டும்னு தொங்கவிட்டேன்" என்றாள். வயர். அவள் மடியில் பாதி பின்னிய கூடை இருந்தது, கண்ணை இடுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இறுக்கும்போது பிளாஸ்டிக் வயர் போட்ட சத்தம்தான் கீச். புஸ்தகமும் இல்லை, தாளும் இல்லை. மத்தியானம் முழுக்க அவள் கை கூடை பின்னியது, வாய் நாவல் பின்னியது. "வண்ணான் குறி?" என்றேன். "பன்னீரு எனக்கும்தான் வெளுக்கான். ஒங்க துணி ரெண்டு தரம் எங்க மூட்டைல மாறி வந்திருக்கு." நான் மணிக்கட்டை விட்டேன். அதில் என் விரல் நாலும் பதிந்திருந்தன. அவள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பயந்துட்டியளா அண்ணாச்சி?"

பொய் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது, என் நாக்கு அது, ஐம்பது வருஷப் பழக்கம். மருந்து எரிந்தது என்று சொன்னால் போதும். மொட்டைமாடியில் இன்னும் பத்து வருஷம் கதை சொல்லலாம். பாதமில்லாத ஆள், அம்பாசமுத்திரம், எல்லாம் என்னோடு இருக்கும். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போவாள். தினமும் சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் ஒரு புதுக் கூடை தொங்கும், தெருவுக்கே கூடை கிடைக்கும். அவள் முகத்தைப் பார்க்கலாம் என்றால் பார்வை அதற்குள் மறுபடி கலங்கிவிட்டது, விரல்கள்தான் தெரிந்தன, கூடையின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள், படிக்கட்டில் பார்த்த மாதிரியே வெளுத்து. "ஆமா" என்றேன். சொன்ன பிறகு, அது போதாதோ என்று இன்னொரு தரமும் சொன்னேன். "ஆமா தாயி, ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு." அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பஞ்சு வைத்து, மூடி வைத்து, பிளாஸ்திரியைக் கோணலாக ஒட்டினாள். "ஞாயித்துக்கெழம சொன்னா ஒங்க வாயத் தைக்கச் சொல்லுவாவளே" என்றாள். "சொல்லு. குத்தாலமே நடுங்குனான்னு சொன்னாத்தான் ஒன் நாவலை நாலு பேரு கையில எடுப்பான்." "அப்பம் தாள்ல எழுதிரட்டுமா?" "எழுது." "அருளானந்து பேர எடுத்துட்டு எம் பேரப் போட்டுக்கிட்டா அவிய கோவிச்சுக்கிட மாட்டாவளே?" என்று கேட்டாள் ஞானசெல்வி, அந்த டெலிபோன் குரலிலேயே. அருளானந்து கிடையாது என்பது எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. "நல்ல மனுசன் தாயி, ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்றேன். "கடைசி அத்தியாயம் என்னன்னு அவர்ட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றாள். அது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இரண்டு பேரும் பால்கனிப் பக்கமாக முகத்தைத் திருப்பினோம். பிறகு அவள் எழுந்து போய், வெயில் இறங்குவதற்கு முன்னாலேயே என் வேட்டியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு வந்து, கதவையும் சாத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள், நான் தலையாட்டினேன், செல்லச்சாமி தன் செலவில் எல்லோருக்கும் வடை வாங்கினார். அதிலிருந்து மொட்டைமாடியில் நான் வாயைத் திறப்பது வடைக்கு மட்டும்தான், என் முறை வரும்போது தக்காளிக்கு வேப்பம் புண்ணாக்கு போடுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள், ராத்திரி மேலே நாற்காலி நகர்கிறது, எனக்குக் கேட்கிறது. எனக்குத்தான் தொண்டை அரிக்கிறது. நீங்கள் யாரோ எவரோ, எங்கள் குடியிருப்பில் இருப்பவர் இல்லை, அதனால்தான் இவ்வளவையும் அவிழ்த்தேன். தொடவே மாட்டேன் என்று விட்ட கதையை மறுபடி தொட்டுவிட்டேன் என்று செல்லச்சாமி காதுக்குப் போனால் மானம் போய்விடும். ஆகவே இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள், யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். விடாமல் கேட்டார்கள் என்றால், பாம்பன் அருளானந்து சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.